மெயிட்லண்ட் பிளேஸுக்குப் போகும் விண்ணப்பம்

பெருமதிப்புக்குரிய ஸ்ரீலங்கா கிரிக்கெட் துரைமாருக்கு,

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து இளைஞர் கழகம் பணிவுடன் எழுதிக்கொள்வது.

நாடுகளின் கழக அணிகள் மோதும் உலகக் கிண்ணம் ஒன்று வேண்டும் என்று மறுபடி பேச்சு அடிபடுகிறது. அப்படியொரு போட்டியாக 2009இல் தொடங்கிய சாம்பியன்ஸ் லீக் 2014உடன் படுத்துவிட்டது. 2012இல் நீங்கள் நடத்திய பிரீமியர் லீக்கில் வென்ற ஊவா அணி அதில் போய் ஆடியது. மறுவருடம் உங்கள் லீக்கையே காணோம். இம்முறையாவது அனுபவசாலிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களைத்தான் சொல்கிறோம்.

ஆளை விலைபேசி மாற்றுவது எங்களுக்குப் பழசு. கங்காணியின் கடனை அடுத்த தோட்டத்துத் துரை அடைத்தால், அவருக்குக் கீழிருந்த ஆட்கள் மொத்தமாக அங்கே போவார்கள். துண்டுமுறை என்று பெயர், 1921இல் ஒழித்தார்கள். நீங்கள் ஏலமேடையும் விளம்பரமும் வைத்து அதற்கு உயிர் கொடுத்திருக்கிறீர்கள், வாழ்த்துகள்.

சம்பள விதியையும் நாங்களே தருகிறோம். பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் ஒரு பேர், அதாவது முழுநாட் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். 18 ஓட்டம் எடுக்காத வெளிநாட்டு நட்சத்திரத்துக்கும் அரைப்பேரே போடுங்கள். மழைக்கு டக்வர்த் லூயிஸ் வேண்டாம், படங்கு கட்டிக்கொண்டு ஆடட்டும். அட்டைக்கடிக்கு மூன்றாம் நடுவரைக் கூப்பிடக் கூடாது.

பின்னாளில் நீங்கள் தொடங்கிய லீக்கில், 2024இல் தம்புள்ளை அணியின் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானதும் அணி கைமாறியது, பெயரும் மாறியது. இதற்கா பதறினீர்கள்? வெள்ளைக்காரர், அரசாங்கம், 1992க்குப் பிறகு கம்பனிகள் என்று எங்களுக்கு எத்தனை முதலாளிமார்! நாங்கள் குடியிருக்கும் லயன் மட்டும் மாறவில்லை.

2021இல் ஐரோப்பாவின் 12 பணக்காரக் கால்பந்துக் கழகங்கள் அறிவித்த சூப்பர் லீக்கை ரசிகர்கள் தெருவிலிறங்கி மூன்று நாளைக்குள் கவிழ்த்தார்கள். 2015இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு நாங்களும் தெருவிலிறங்கினோம். அதற்கான வர்த்தமானி வந்தது 2021 மார்ச்சில்.

உங்களில் ஒருவராக முரளிதரன் இல்லையா என்பீர்கள். அவருடைய தாத்தா 1920இல் தோட்டத்துக்கு வந்தவர்தான். ஆனால் பேரன் 800 விக்கெட் எடுப்பதற்கு முன்னால் குடும்பம் தோட்டத்தை விட்டுக் கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை வைக்க வேண்டியிருந்தது.

தரவளையிலும் ரதல்லையிலும் துரைமார் தங்களுக்கென்று வெட்டிய மைதானங்கள் இருக்கின்றன. நாங்கள் ஆடுவது ரோட்டு வளைவில். பந்து கீழ்மலைக்கு உருண்டால் அன்றைய ஆட்டம் சரி. எனவே லீக்கில் அணி கேட்கவில்லை. தோட்டத்து டிவிஷனுக்கு ஒரு சமதரையும், விரிக்க ஒரு பாயும் போதும்.

எங்கள் லயன்களுக்குத் தனி முகவரி கிடையாது, கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். ஆகவே பதிலைத் தபாலில் போடாமல், பத்திரிகையில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கழகத்தார்