கீழ்க்கட்டில் இயல்: ஒரு முன்னாய்வு

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கமிருந்து கத்தாருக்குப் போன ஆண்கள் இரண்டே வகுப்பினர்: மேல்கட்டிலில் படுப்போர், கீழ்க்கட்டிலில் படுப்போர். 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இவர்களைப் பதிவு செய்கிறதே தவிர, இந்தப் பிரிவைப் பதிவு செய்வதில்லை. ஆகவே இவ்வாய்வு.

முதல் தடை சட்டத்திலிருந்தே வருகிறது. கத்தாரின் தொழிலாளர் விடுதி விதிகளின்படி ஓர் அறையில் நான்கு கட்டிலுக்கு மேல் போடக்கூடாது. அடுக்குக் கட்டில் அறவே கூடாது. எனவே நமது ஆய்வுப் பொருள் சட்டப்படி உலகில் இல்லை. இல்லாத கட்டிலில் ஏறும்போது முழங்காலில் இடிக்கும் கம்பியை என்ன வகைச் சான்றாகக் கொள்வது என்பதைத் தத்துவத் துறையாரிடம் விட்டுவிடுவோம்.

ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கும் பொடியனுக்கு மேல்கட்டில். பழைய காக்காவுக்குக் கீழ்க்கட்டில். இதை மரியாதை என்பார் வியாழன் இரவைப் பார்க்காதவர்கள். மறுநாள் வேலையில்லை. சோறும் ஆணமும் முடிந்து பிளேன்டீ வந்ததும் கீழ்க்கட்டில் பொதுச்சொத்தாகிவிடும். தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் கரம் போர்டை வைத்தால், இரு பக்கக் கட்டில்களும் இருக்கைகள். மற்ற இருவருக்குக் கவிழ்த்த பெயின்ட் வாளி. சர்வதேச விதிப்படி ஆடுபரப்பு 74 சென்ரிமீற்றர் சதுரம். கட்டில்களுக்கு இடையிலுள்ள வழியும் ஏறக்குறைய அவ்வளவே. அறையைக் கட்டியவர் கரம் ஆடத் தெரிந்தவர் என்பது எமது கருதுகோள். ஆனால் போர்டின் மரச்சட்டத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் ஆட்டம் முடியும்வரை கழிவறைக்குப் போகிறவர் காக்காவின் தலையணையை மிதித்துத்தான் போகவேண்டும்.

காய்கள் வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. சிவப்பு தொலைந்த அறைகளில் ஒரு வெள்ளைக்கு மார்க்கர் பேனாவால் முடிசூட்டுவர். போரிக் பவுடர் தீர்ந்தால் காக்காவின் முகப்பவுடர். மேல்கட்டில்காரர் கவிழ்ந்து படுத்து, தலையை மட்டும் வெளியே நீட்டி நடுவர் பதவி ஏற்கிறார். "ரெட்டுக்குக் கவர் விழல்ல காக்கா, எடுத்து நடுவுல வைங்க!" என்ற தீர்ப்பு மேலிருந்து வருவதால் அதற்கு மேன்முறையீடு இல்லை.

ஊர் நேரம் டோஹாவைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னே ஓடுகிறது. இங்கே எட்டரை என்றால் அங்கே பதினொன்று, பிள்ளை தூங்கிவிடும். ஆகவே ஆட்டம் சூடேறும் வேளையில்தான் காக்கா இமோவில் வீட்டுக்குப் பேசவேண்டியிருக்கிறது. கயிற்றில் தொங்கும் பெட்ஷீட்டை அவர் இழுத்து மூடினால் ஸ்ட்ரைக்கர் அந்தரத்திலேயே நிற்கும். எவரும் எழுதிவைக்காத இந்த விதியை மீறிய அறை எதுவும் எமக்குத் தெரியவில்லை. திரைக்குள்ளிருந்து, "இல்ல, சத்தமில்ல, எல்லாரும் படுத்திட்டாங்க" என்று கேட்கும்போது ஐந்து பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அதை உண்மையாக்குவார்கள்.

காக்கா ஒரேயடியாக ஊருக்குப் போகும்போது கட்டில் யாருக்கு என்பதே இத்துறையில் தீராத சிக்கல். வயதில் மூத்தவருக்கு என்பது ஒரு கட்சி. கத்தாருக்கு முந்தி வந்தவருக்கு என்பது இன்னொரு கட்சி. அதே ஊர்க்காரருக்கே என்று சாய்ந்தமருதுக் கட்சி. வாதம் மூன்றாம் பிளேன்டீவரை நீண்டது. கருத்தேதும் சொல்லாமல் இருந்த நிந்தவூர்ப் பொடியன் தன் பெட்டியை அதற்குள் கீழே இறக்கி வைத்துவிட்டான்.