கோச்சியும் கிணற்றுக்கட்டும்: பிள்ளை வளர்ப்புக் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காங்கேசன்துறைப் பக்கத்தவை. எல்லோரும் பயந்துதான் எழுதியிருக்கிறீர்கள். சில பயங்களை இன்றைக்கே விட்டுவிடலாம். வேறு சிலவற்றுக்கு நீங்கள் பயப்படுவது போதாது. எது எது என்று பார்த்துவிடுவோம்.

கேள்வி: எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில். ஒன்றரை வயது மகன் கோச்சி வந்தால்தான் வாய் திறக்கிறான். கோச்சி பிந்தினால் சோறும் பிந்துது. என்ன செய்ய?
— ஓர் அம்மா, மாவிட்டபுரம்

பதில்: 1990இல் நின்றுபோன கோச்சி 2015 ஜனவரி 2ஆம் திகதிதான் திரும்பவும் காங்கேசன்துறைக்கு வந்தது. இடையில் பிறந்த இந்த ஊர்ப் பிள்ளைகளில் பலர் இடம்பெயர்ந்த இடங்களில், கோச்சியைக் கண்ணாலும் காணாமல் சாப்பிட்டுத்தான் வளர்ந்தார்கள். உங்கள் மகனாலும் முடியும்.

முதலில் அவன் பக்க நியாயத்தைக் கேளுங்கள். மூன்று கிலோவாகப் பிறந்த பிள்ளை ஒரு வயதில் ஒன்பது கிலோவாகிவிடும். அடுத்த வருடம் முழுவதற்கும் ஏறுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையும். நீங்கள் குழப்படி என்று நினைப்பது உடம்பின் கணக்கு. கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். நிறைக்கோடு மேலே ஏறிக்கொண்டு போனால் அவனுக்குப் போதியது கிடைக்கிறது. கோடு படுத்துவிட்டால் அல்லது இறங்கினால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே காட்டுங்கள்.

இனி உங்கள் பக்கம். காலையில் பால்தேத்தண்ணியும் மாரி பிஸ்கட்டும், பத்து மணிக்கு இன்னொரு பிஸ்கட், பதினொன்றுக்குப் பக்கத்து வீட்டு மாமி தந்த ரொபி என்றால் பன்னிரண்டரைக்கு அவனுக்கு எப்படிப் பசிக்கும்? சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணியே வேண்டாம். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். வீட்டார் சாப்பிடும் நேரத்தில் அவனையும் பாயில் இருத்துங்கள். அவனுக்கென்று ஒரு கோப்பை. முள் எடுத்த மீன், ஒரு பிடி முருங்கையிலை வறை, பருப்புக் குழைத்த சோறு. தானே அள்ளட்டும், பாதி தரையில் போகும், போகட்டும். இருபது, முப்பது நிமிடத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள். ஏச்சும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அடுத்த நேரச் சாப்பாடு வரை தண்ணீர் மட்டும். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவன் பொறுப்பு.

கோச்சி பார்ப்பதை நிறுத்த வேண்டாம், அது அவனுடைய சந்தோசம். படலைக்கு உள்ளே நின்று காட்டுங்கள். கோப்பையும் கையுமாகத் தண்டவாளக் கரைக்குப் போகும் பழக்கத்தை மட்டும் இன்றைக்கே விடுங்கள். நடக்கப் பழகிய பிள்ளை நாளைக்குத் தனியாகவும் அங்கே போகும்.

கேள்வி: நாலு மாதப் பேத்திக்கு இந்த வெயிலில் தொண்டை காயுது. ஒரு கரண்டி கொதித்தாறிய தண்ணி பருக்க மகள் விடுகிறாள் இல்லை. நாங்கள் வளர்த்த பிள்ளைகள் தண்ணி குடித்துத்தானே வளர்ந்தவை?
— ஓர் அம்மம்மா, தெல்லிப்பழை

பதில்: அம்மா, இந்த வழக்கில் தீர்ப்பு உங்கள் மகளுக்கு.

தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 வீதம் தண்ணீர்தான். ஆறு மாதம் முடியும் வரை, பங்குனி வெயிலானாலும் சித்திரை வெயிலானாலும், அது போதும். குழந்தையின் சின்ன வயிற்றைத் தண்ணீர் நிரப்பினால் அந்த அளவுக்குப் பால் குறையும். குடிப்பது குறைய, சுரப்பதும் குறையும்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. வலிகாமத்தில் நாம் அள்ளுவது சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைத்தண்ணீர். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம், மேலே ஊற்றுவது கெதியாகக் கீழே இறங்கிவிடும். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் போட்ட உரம், மலகூடக் குழியின் கசிவு எல்லாம் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் சேருகின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இங்கே அதைத் தாண்டிய கிணறுகள் பல உண்டு. வளர்ந்தவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கோ இரத்தம் ஒட்சிசனைக் காவுவதையே அது கெடுத்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கச் செய்யலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். மருத்துவக் காரணத்தால் மாப்பால் கரைத்துக் கொடுக்கும் வீடுகள் கட்டாயம் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும்; எங்கே கொடுப்பது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் தண்ணியை வீணாக்க வேண்டாம். பாலூட்டும் மகளுக்கு ஒரு செம்பு நிறையக் கொடுங்கள். ஏணையை ஆட்டவும், இரவில் ஒரு சாமமாவது அவளைப் படுக்கவிட்டுப் பேத்தியைத் தோளில் போடவும் உங்களை விட்டால் அந்த வீட்டில் ஆர் இருக்கிறார்கள்?

கேள்வி: நாவூறு படாமல் இருக்க என்ன செய்யலாம்?
— ஓர் அப்பம்மா, கீரிமலை

பதில்: கன்னத்திலும் உள்ளங்காலிலும் பொட்டு வையுங்கள், பிள்ளை வடிவாகத்தான் இருக்கும். கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம். சில மைகளில் ஈயம் இருக்கிறது, அது மூளைக்கு நஞ்சு. கழுத்தில் கயிறு கட்ட வேண்டாம், நித்திரையில் இறுக்கும். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவதென்றால் அந்தப் புகை பிள்ளையின் மூக்குக்கு எட்டாத இடத்தில் போடுங்கள்.

கேள்வி: மூன்று வயது மகளைக் கீரிமலைக் கேணியில் குளிக்கவார்க்க ஆசை. தடிமன் பிடிக்கும் என்று வீட்டில் எல்லோரும் மறிக்கிறார்கள். நீந்தப் பழக்க எத்தனை வயது சரி?
— ஓர் அப்பா, காங்கேசன்துறை

பதில்: இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகமே மாறிய தீர்த்தம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம், அதில் இறங்கினால் தடிமன் பிடிக்கும் என்றும் நாங்களேதான் சொல்கிறோம்! தடிமன் வைரசால் வருவது. பக்கத்தில் இருப்பவர் தும்மினால் வரும், குளிர்தண்ணீரால் வராது. குளிக்கவாருங்கள், ஏறியவுடன் துவட்டி உடுப்பு மாற்றுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது அவள் மூழ்கிவிடுவதற்கு. கேணியில் இருக்கும் நேரம் முழுக்க அவள் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆடி அமாவாசை போன்ற சன நெரிசல் நாளில் இறக்கவே வேண்டாம். மூழ்கும் பிள்ளை படத்தில் காட்டுவதுபோலக் கத்தாது, கையை ஆட்டாது. சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் போய்விடும். முறையாக நீந்தப் பழக்க ஆறு வயதிலிருந்து தொடங்குவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழகிய பிள்ளைக்கும் காவல் வேண்டும்.

கேணிக்கு நீங்கள் மாதத்தில் ஒரு நாள் போவீர்கள். கிணறு வீட்டு வளவுக்குள்ளேயே இருக்கிறது. கட்டு எவ்வளவு உயரம் என்று இன்றைக்கு அளந்து பாருங்கள். கட்டோடு ஒட்டி உடுப்புத் தோய்க்கிற கல் இருக்கிறதா, வாளி கவிழ்த்து வைத்திருக்கிறதா, பழைய பிளாஸ்ரிக் கதிரை கிடக்கிறதா? மூன்று வயதுக்காரிக்கு அவை மூன்றும் படிகள். எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். கம்பிவலை மூடி ஒன்று அடித்துப் போட்டு, தண்ணீர் அள்ளி முடிந்ததும் கொழுக்கியை மாட்டுங்கள். தவழும் பிள்ளை உள்ள வீடென்றால் குளித்து முடித்த வாளியையும் கவிழ்த்துவிடுங்கள். தலைகீழாக விழுந்த பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணீரும் ஆழம்தான்.

வேலிக்கு வெளியே இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஆட்கள் இல்லாமல் பற்றைக்காடாய்ப் போன காணிகளில் கட்டு உடைந்த கிணறுகள் புல்லுக்குள் மறைந்து கிடக்கின்றன. சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த கிடங்குகள் மாரியில் நிரம்பிவிடும். ஓரம் செங்குத்து, ஏறிவரப் பிடிமானம் கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல குளம்போல இருக்கும். உங்கள் தெருவைச் சுற்றி இப்படி எத்தனை என்று நடந்து பாருங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் கொடுங்கள். மூடும் வரைக்கும் முள்வேலியாவது அடைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கோரிக்கை. தெருவே கையெழுத்து வைத்தால் அவர்களுக்கு வேலை.

கேள்வி: கனடாவில் இருக்கும் அப்பப்பாவோடு மகன் தினமும் வீடியோவில் கதைப்பான். சின்னப் பிள்ளைக்குப் போனே கூடாது என்று நேசரி ரீச்சர் சொல்கிறார். அப்பப்பாவை எப்படி நிறுத்துவது?
— ஓர் அம்மா, மல்லாகம்

பதில்: அப்பப்பாவை நிறுத்த வேண்டாம், காட்டூனை நிறுத்துங்கள்.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சும்மா இருந்து பார்க்கும் திரையைப் பற்றிய கணக்கு அது. அப்பப்பா கேட்பார், பிள்ளை சொல்லும், அவர் சிரிப்பார், இவன் திரும்பச் சிரிப்பான், அது உரையாடல். உறவினரோடு முகம் பார்த்துக் கதைப்பதைக் குழந்தை மருத்துவர்கள் விலக்குவதில்லை. அரைவாசிக் குடும்பம் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கும் எங்களுக்கு அது சொந்தம் காக்கிற வழி. நீங்களும் பக்கத்தில் இருந்து கதையுங்கள். கோல் முடிந்ததும் போன் உங்கள் கைக்கு வரட்டும், அவன் கையில் விட்டுவிட்டுக் குசினிக்குப் போகாதீர்கள்.

இதோடு ஒன்று. இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துச் சொல்லாத பிள்ளையை, "அப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். கிளினிக்கில் சொல்லிக் காதைப் பரிசோதியுங்கள்.

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது கோணாப்புலம் முகாமில். இப்போது சொந்தக் காணியில் இருக்கிறோம். முற்றம் பெரிது, பக்கத்துக் காணி காடு. ஐந்து வயது மகனை வெளியே விடவே நெஞ்சு இடிக்குது. வீட்டுக்குள் அடைத்தால் அழுகிறான்.
— ஓர் அப்பா, மயிலிட்டி

பதில்: தம்பி, உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1990இல் வெறுங்கையோடு ஓடிய ஊர், மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைக்கவே 2017 ஆனது. நீங்கள் ஒரு தகரக் கொட்டிலின் வாசலில் விளையாடி வளர்ந்தீர்கள். உங்கள் மகனுக்கு முற்றம் கிடைத்திருக்கிறது. அதை அவனுக்குக் கொடுங்கள், எல்லையையும் சேர்த்துக் கொடுங்கள்.

முதலில் நீங்கள் உங்கள் வளவை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். பற்றையை வெட்டி, வேலி அடையுங்கள். வேலிதான் அவனுடைய எல்லை. பிறகு அவனுக்கு மூன்றே சொல்: தொடாதே, திரும்பி வா, சொல்லு. தெரியாத இரும்பு, துருப்பிடித்த குழாய், பந்துபோல ஒன்று, எதைக் கண்டாலும் கை வைக்காமல், கல் எறியாமல், போன வழியாலேயே திரும்பிவந்து உங்களிடம் சொல்ல வேண்டும். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையை அடையாளம் காட்டுங்கள். அவன் எதையாவது கண்டு சொன்னால் நீங்கள் பொலிஸுக்கு அறிவியுங்கள். வந்து எடுப்பது அவர்கள் ஒழுங்கு செய்வோரின் வேலை, உங்களுடையது அல்ல. வளர்ந்த பெடியள் பழைய இரும்பு பொறுக்கப் போகும்போது இவனையும் கூட்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று: அவன் சொல்ல வரும்போது ஏசாதீர்கள். "ஏன் அங்க போனனீ?" என்று ஒருமுறை அடி விழுந்தால் அடுத்த முறை கண்டதை ஒளித்துவிடுவான். சொன்னதற்கு முதலில் பாராட்டு, மற்றதெல்லாம் பிறகு.

கேள்வி: மாரி தொடங்கினால் டெங்கு. இரண்டு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எப்போது ஓடுவது?
— ஓர் அம்மா, தையிட்டி

பதில்: பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள், பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அஸ்பிரினும் இபுபுறூபனும் வேண்டாம், டெங்கென்றால் இரத்தக்கசிவைக் கூட்டும். தண்ணீர், கஞ்சி, இளநீர், ஜீவனி என்று மாறி மாறிப் பருக்குங்கள். இரண்டு நாளில் விடாவிட்டால் வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம்.

பலர் ஏமாறுவது காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான். "விட்டுட்டுது" என்று தாய் நிம்மதியாகும் அந்த இரண்டு நாள்தான் டெங்கில் பொல்லாதது. காய்ச்சல் இல்லாமலே பிள்ளை துவண்டு கிடந்தால், விடாமல் சத்தி எடுத்தால், வயிறு நோகுது என்று அழுதால், கை கால் குளிர்ந்தால், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால், உடனே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஓட்டோ தேடி நேரத்தைப் போக்க வேண்டாம்; சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அதன் இலக்கம் 1990. எங்கள் ஊராருக்கு அதைப் பாடமாக்கச் சொல்லவும் வேண்டுமா?

கேள்வி: மூன்றரை வயது மகள் இன்னும் "அ" எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் பெயரே எழுதுது. விஜயதசமிக்கு ஏடு தொடக்கியும் பலனில்லை. பின்தங்கிவிடுவாளா?
— ஓர் அம்மா, கீரிமலை

பதில்: ஏடு தொடக்குவது தொடக்கம்தான், சோதனை அல்ல. இந்த வயதில் பல பிள்ளைகளின் கைகள் பென்சிலுக்கு இன்னும் தயாரில்லை. கடற்கரை மண்ணில் கோடு கீறட்டும், மாவு பிசையட்டும், புளியங்கொட்டை பொறுக்கி எண்ணட்டும் (வாயில் போடாமல் நீங்கள் பக்கத்தில் இருங்கள்). இரவில் ஒரு கதை சொல்லுங்கள், அதையே நாளைக்கு உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து வயது முடிந்துதான் முதலாம் ஆண்டு. நேசரியில் வீட்டுவேலை என்று கொப்பி நிறைய எழுதக் கொடுத்தால், பிள்ளைக்கு இப்போது விளையாட்டுத்தான் வேண்டும் என்று ரீச்சரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். புலமைப்பரிசில் சோதனைக்கு இன்னும் ஆறு வருடத்துக்கு மேல் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பின்னேரம் விளையாடக் கூப்பிடுங்கள். பெயர் எழுதத் தெரிந்த பிள்ளைக்கும் கிளித்தட்டு தெரிய வேண்டுமே.