திருகைக்கல்லும் மூலதன ஆதாய வரியும்: நாராயணவனத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

திருப்பதி மாவட்டத்தில் புத்தூரை அடுத்துள்ள நாராயணவனம், ஆகாசராஜன் தன் மகள் பத்மாவதியை ஸ்ரீநிவாசனுக்குக் கன்னிகாதானம் செய்து கொடுத்த ஊர். கல்யாணச் செலவுக்கு மாப்பிள்ளை குபேரனிடம் கடன் வாங்கினார் என்பதும், அதன் வட்டி இன்றுவரை திருமலை உண்டியல் வழியே அடைபடுகிறது என்பதும் ஊரறிந்த கதை. கடன் வருமானம் ஆகாது. ஆகவே மாப்பிள்ளைக்கு வரியில்லை. வட்டி குபேரனுக்கு வருமானம்தான், அது அவர் பாடு. அறிஞர் உலகம் இதுவரை தொடாமல் விட்டது வேறொன்று: கல்யாணம் முடிந்தபின் மிஞ்சிய சாமான்களைப் பெண் வீட்டார் விற்றிருந்தால் வரி உண்டா?

இதை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. சாமான்களில் ஒன்று இன்னும் இருக்கிறது. கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலில் உள்ள பெரிய திருகைக்கல், அந்தக் கல்யாணத்துக்கு அரைத்த கல் என்று காட்டப்படுகிறது. 'ஒரே கல்யாணத்துக்குப் பயன்படுத்தியது, நல்ல நிலையில் உள்ளது, வாங்குபவரே தூக்கிச் செல்லவும்' என்று ஆகாசராஜன் அதை ஓஎல்எக்ஸில் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, ஒருவரோ அவரைச் சார்ந்து வாழும் குடும்பத்தாரோ சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருள் மூலதனச் சொத்து அல்ல. உடுதுணி, மேசை நாற்காலி, கட்டில், சைக்கிள் எல்லாம் இதில் அடங்கும். விற்று லாபம் வந்தாலும் வரி கிடையாது. விலக்கின் விலக்கு நகை. 1972 நிதிச் சட்டம் அதை வெளியே தள்ளியது. 2007-இல் ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு, கலைப்பொருள் ஆகியவையும் போயின. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை.

திருகைக்கல் நகையன்று. சிற்பமென்று சொன்னால் சிற்பி கோபிப்பார். ஒற்றைக் கல்லைச் சேகரிப்பு என்பதற்கும் இல்லை. அப்படியானால் வரியில்லை என்று எழுந்துவிடலாமா? கூடாது. குறுக்கே தோல்பூர் மகாராஜா நிற்கிறார்.

ராணா ஹேமந்த் சிங்ஜி தங்கக் காசும், வெள்ளி நாணயமும், வெள்ளிக் கட்டியும் விற்றார். அவை மகாலட்சுமி பூஜையில் வைத்தவை, ஆகவே சொந்த உபயோகப் பொருள் என்று வாதாடினார். 1976-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விசேஷத்துக்கு எடுத்து வைத்தால் போதாது. பொருளுக்கும் ஆளுக்கும் நெருங்கிய உறவு வேண்டும், வழக்கமாகப் புழங்கியிருக்க வேண்டும் என்றது. இந்த அளவுகோலில் நம் கல் தோற்கிறது. ஒரே கல்யாணத்துக்கு அரைத்த கல் எப்படி அன்றாடப் புழக்கமாகும்? ராணி தினமும் இட்லிக்கு அரைத்தாள் என்று சாட்சி கொண்டுவந்தாலொழிய அது மூலதனச் சொத்துதான். வாங்கிய ரசீது இல்லையே என்ற கவலை வேண்டாம். 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி சந்தை விலையை அடக்க விலையாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. மிக்ஸியும் கிரைண்டரும் வீடு வீடாக நுழைந்துவிட்ட அந்தக் காலத்தில் புத்தூர்ச் சந்தையில் திருகைக்கல் என்ன விலை போயிருக்கும் என்பதை மதிப்பீட்டாளர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

நெருக்கம்தான் அளவுகோல் என்றால், மனிதனுக்குத் தலைமுடியைவிட நெருங்கிய பொருள் ஏது? திருமலையில் காணிக்கையாகும் முடியைத் தேவஸ்தானம் மின்னேலத்தில் விற்கிறது. உண்டியலில் விழும் கைக்கடிகாரம், செல்போன்கூடப் புதியது, பழையது, லேசாகப் பழுதானது என்று லாட் பிரித்து இணையத்தில் ஏலத்துக்கு வருகின்றன. ஆனால் முடியைக் கொடுத்தவர் விற்கவில்லை, விற்பவர் அதை வளர்க்கவில்லை. நீதிமன்றம் கேட்ட அந்த உறவு முடியிறக்கும் கல்யாணக்கட்டையில் சவரக் கத்தியோடு முடிந்துவிடுகிறது.

புடவை இன்னும் சிக்கல். நாராயணவனம் தறிச் சத்தம் பழகிய ஊர் என்பதால் இதைத் தவிர்ப்பது அழகல்ல. உடையில் வைத்துத் தைத்திருந்தாலும் பொன், வெள்ளி ஆபரணம் நகையே என்கிறது சட்டம். 'பழைய பட்டுப்புடவை வாங்குறதூ' என்று தெருவில் கூவி வருபவர் புடவைக்காகவா வருகிறார்? ஜரிகையை எரித்து வெள்ளி எடுக்கத்தான். உடல் உடுதுணி, முந்தானை நகை என்று அதிகாரி கத்தரிக்கோலோடு வந்தால் என்ன செய்வது? ஜரிகை நூலே தவிர ஆபரணமல்ல என்பது நம் துணிபு.

பணமே வாங்கவில்லை என்று தப்பிக்கவும் முடியாது. பண்டமாற்றும் சட்டத்தின் பார்வையில் கைமாற்றமே. பழைய துணிக்கு எவர்சில்வர் அடுக்கு வாங்கிய அத்தையும், ஓட்டைச் சட்டியைப் போட்டுப் பேரீச்சம்பழம் தின்ற பேரனும் சொத்தைக் கைமாற்றியவர்களே. அவர்களைக் காத்தது சொந்த உபயோகம் என்ற சொல் ஒன்றுதான்.

இந்தச் சலுகையைத் தயவு என்று நம்புவோர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20,000 ரூபாய்க்கு வாங்கிய செல்போனை 6,000-க்கு விற்றால் 14,000 நஷ்டம். பழைய சாமான் மூலதனச் சொத்தாக இருந்தால் நாட்டிலுள்ள ஒவ்வொரு பீரோவும், பிரிட்ஜும், கிரைண்டரும் மூலதன நஷ்டத்தைச் சுமந்துகொண்டு வரித்துறை வாசலில் வரிசையில் நிற்கும். லாபத்தைக் கேட்காததால் நஷ்டத்தையும் காட்ட முடியாது. விலை ஏறக்கூடிய நகையையும் ஓவியத்தையும் மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, தேய்கிறவற்றை நமக்கே விட்டுக்கொடுத்த சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. விற்பதற்கென்றே பழையதை வாங்கினால் அது வியாபாரம். லாபம் வியாபார வருமானம். எத்தனையாவது ஸ்கூட்டரில் குடும்பஸ்தர் வியாபாரி ஆகிறார் என்று சட்டம் எண் குறிக்கவில்லை. 'என் மாமியார் ஓட்டிய வண்டி' என்று முதல் ஸ்கூட்டருக்குச் சொல்லலாம், மாமியார் மருமகனைச் சார்ந்து வாழ்வதாக ஒப்புக்கொண்டால். நான்காவது ஸ்கூட்டருக்கும் அதையே சொல்லும்போது அதிகாரி மாமியார்களின் எண்ணிக்கையைக் கேட்பார்.