உடைப்பதற்கென்றே கேட்கப்படும் நாற்காலி

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலுக்கு நிற்பவரின் கொள்கை என்னவென்று அறிய விஞ்ஞாபனத்தைப் புரட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். முதல் வாக்குறுதி முப்பது வருடமாக ஏறக்குறைய ஒன்றுதான். இந்த நாற்காலி நாட்டுக்குக் கேடு. ஆகவே அதை எனக்குத் தாருங்கள். உட்கார்ந்த கையோடு உடைத்துவிடுகிறேன்.

நாமும் கொடுத்தோம். ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். நாற்காலிக்கு இதுவரை சொல்லும்படியாக ஒரு கீறல் விழவில்லை.

1978இல் ஜே.ஆர். ஜெயவர்தன தன் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்துகொண்ட நாற்காலி அது. பெயர் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை. அதில் இருப்பவர் மீது வழக்கு வைப்பது லேசான காரியமில்லை. முப்படைக்கும் அவரே தளபதி. அமைச்சரைப் போடுவார், தூக்குவார். இது சர்வாதிகாரம் என்று வேட்பாளர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் வென்றவருக்கு மட்டும் தொண்டை ஆறிவிடும்.

சந்திரிகா அம்மையாருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் தேதியே குறித்துக் கொடுத்தார். 1995 ஜூலை 15. அந்தத் தேதியைக் கேட்டு வாங்கியது மக்கள் விடுதலை முன்னணி. தன் வேட்பாளரைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டு, பதிலுக்கு இந்த வாக்கை வாங்கியது. (ஜே.வி.பி. என்ற மூன்றெழுத்தை ஓரமாகக் குறித்து வையுங்கள். பிறகு தேவைப்படும்.) 1994 நவம்பரில் நாடு அம்மையாருக்கு 62 சதவீத வாக்கைக் கொட்டிக் கொடுத்தது. 1995 ஜூலை 15உம் வந்தது. அன்று சனிக்கிழமை. அலுவலக விடுமுறை என்று விட்டுவிட்டாரோ என்னவோ. திங்கட்கிழமையும் வந்து போனது. பதினொரு வருடம் இருந்தார். 2005இல், எனக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது என்றார். இல்லை அம்மா என்று உயர் நீதிமன்றம்தான் சொல்லி இறக்க வேண்டியிருந்தது.

அடுத்தது மஹிந்த ராஜபக்ஷவின் 'மஹிந்த சிந்தனை'. அதிலும் ஒழிப்பு இருந்தது. ஜே.வி.பி. அப்போதும் மேடையில் பக்கத்தில் நின்றது. 2010 செப்டெம்பரில் அரசியலமைப்பின் 18ஆம் திருத்தம் வந்தது. சொன்னபடி ஒழித்தார். இரண்டு தடவைக்கு மேல் ஒருவர் ஜனாதிபதியாக இருக்க முடியாது என்ற கட்டுப்பாட்டை ஒழித்தார்.

பிறகு அப்பம். 2014 நவம்பரில் ஒரு இரவு மைத்திரிபால சிறிசேன மஹிந்தவோடு உட்கார்ந்து அப்பம் சாப்பிட்டார். மறுநாள் எதிரணியின் பொது வேட்பாளர். நூறு நாள் வேலைத்திட்டம், நல்லாட்சி, ஒழிப்பு. நியாயமாகச் சொன்னால் 19ஆம் திருத்தம் நாற்காலியைக் கொஞ்சம் செதுக்கியது. பதவிக்காலத்தை ஆறு வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தது. 2018 ஜனவரியில் அதே மனிதர் உயர் நீதிமன்றத்திடம் கேட்டார்: நான் ஆறு வருடம் இருக்கலாமா? ஐந்து என்றது நீதிமன்றம். அந்த ஒக்டோபரிலேயே தன் பிரதமரைத் தூக்கிவிட்டு, யாரோடு அப்பம் சாப்பிட்டாரோ அவரையே பிரதமராக்கினார். பாராளுமன்றத்தையும் கலைத்தார். சட்டவிரோதம் என்று டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதிகாரத்தை வெறுப்பவர் அதை இப்படித்தான் வெறுப்பார் போலும்.

2019இல் 35 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டு 26 அங்குலம். வழக்கமான பெட்டி கொள்ளாமல் அட்டைப்பெட்டி தேட வேண்டி வந்தது. 33 பேர் கட்டுப்பணத்தை இழந்தார்கள். அவர்களில் பலர் வெல்வதற்காக நிற்பவர்கள் அல்ல என்பது ஊரறிந்த விஷயம். அரச தொலைக்காட்சியில் கிடைக்கும் இலவச நேரமும் வாக்கெண்ணும் நிலையத்தில் கிடைக்கும் முகவர் இடமும் பெரிய வேட்பாளர் எவருக்காவது உதவும். அந்த 26 அங்குலத்துக்கும் காகிதம் வாங்கியது நமது பணத்தில். காகிதம் என்ற சொல்லையும் நினைவில் வையுங்கள்.

அந்த 35 பேரில் கோட்டாபய ராஜபக்ஷ இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை. நாற்காலியை ஒழிப்பேன் என்று அவர் சொல்லவில்லை. பலமான தலைவர் என்றார். நிபுணர்கள் என்றார். 'சுபீட்சத்தின் நோக்கு' என்று புத்தகம் போட்டார். 52 சதவீதம் கிடைத்தது. 2020 ஒக்டோபரில் 20ஆம் திருத்தம், செதுக்கியதையெல்லாம் திரும்ப ஒட்டியது. 156 பேர் கையை உயர்த்தினார்கள். பலமான தலைவர் தயார். இனி கொள்கைகளைப் பார்ப்போம்.

வரிக் கொள்கை. வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்குவேன் என்றார். பதவிக்கு வந்த மறுமாதமே ஆக்கினார். வாக்குறுதியைக் காப்பாற்றினார் ஐயா, நம்புங்கள். தேச நிர்மாண வரி போனது. சம்பளத்தில் பிடிக்கும் வரி போனது. வருடம் 1 கோடி 20 இலட்சம் ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்தால் வற் கட்ட வேண்டும் என்றிருந்த எல்லை 30 கோடிக்கு ஏறியது. 29 கோடிக்கு வியாபாரம் செய்யும் ஏழை எளியவர்கள் பிழைத்துப் போகட்டுமே! அடுத்த ஒக்டோபரில் சீனி. கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்த இறக்குமதி வரியை 25 சதமாக்கினார்கள். கடையில் சீனி விலை அதற்கேற்ப இறங்கவில்லை. திறைசேரிக்கு நஷ்டம் 1,500 கோடி ரூபாய்க்கு மேல் என்று பாராளுமன்றத்தின் நிதிக் குழுவே கணக்குச் சொன்னது. நாம் குடித்த தேநீரில் அந்த இனிப்பு இல்லை. யாரோ குடித்திருக்கிறார்கள்.

இன்று வற் வரி 18 சதவீதம். 8 ஆக்குகிறேன் என்றவர்களுக்குக் கைதட்டிய கைகள் இப்போது பாடசாலைப் புத்தகப்பைக்கும் அந்த 18ஐக் கட்டுகின்றன.

விவசாயக் கொள்கை. மேடையில் இலவச உரம். புத்தகத்தில், பத்து வருடத்தில் படிப்படியாகச் சேதன விவசாயம். 2021 மே மாதம் ஒரு வர்த்தமானி. இரசாயன உர இறக்குமதி தடை, உடனடியாக. பத்து வருடம் என்று எழுதியது விடிந்தெழும்போது ஒரு இரவாகிவிட்டது. பொலன்னறுவையில் நெற்கதிர் பால் பிடிக்காமல் நின்றது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து குறைந்தது. கொழுந்து குறைந்தால் அந்த நாட்சம்பளத்தில் யார் தலையில் விழும் என்று மலையகத்தில் ஒரு குழந்தைக்கும் தெரியும். அரிசியில் தன்னிறைவுக்குக் கிட்ட நின்ற நாடு கப்பல் கப்பலாக அரிசி வாங்கியது.

பாருங்கள் கூத்தை. சேதன உரம் போதாது. ஆகவே சீனாவிலிருந்து சேதன உரம். சோதித்தால் அதில் கெட்ட பக்டீரியா. வேண்டாம் என்றார்கள். 20,000 தொன்னை ஏற்றிய கப்பல் திரும்பிப் போக மறுத்து நமது கடலையே சுற்றியது. பணம் கொடுக்காத மக்கள் வங்கியை சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் எடுக்காத உரத்துக்கு ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் கொடுத்தோம். இதற்கிடையில் யூரியா நஞ்சு என்று சொன்ன அதே அரசாங்கம் இந்தியாவிலிருந்து திரவ யூரியாவை விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது. அதற்கு நனோ நைதரசன் என்று பெயர். நவம்பரில் தடையையே எடுத்துவிட்டார்கள். மன்னிப்பு? வர்த்தமானியில் அதற்கு இடமில்லை.

வெளிநாட்டுக் கொள்கை. நடுநிலை. யாருக்கும் சொத்தை விற்கமாட்டோம். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 வருடத்துக்குச் சீனாவிடம் கொடுத்தது துரோகம் என்று மேடையில் முழங்கினார்கள். வென்ற பிறகு அது வர்த்தக ஒப்பந்தமாகிவிட்டது, தொட முடியாது. அமெரிக்காவின் 480 மில்லியன் டொலர் உதவி நாட்டைப் பிரிக்க வருகிறது என்று பிக்குகள் தெருவில் இறங்கினார்கள். அது போனது. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியாவுக்குக் கொடுக்கமாட்டோம் என்று 2021 பெப்ரவரியில் மார்தட்டினார்கள். பிறகு மேற்கு முனையத்தின் பெரும்பங்கை அதானிக்கு 35 வருடத்துக்குக் கொடுத்தார்கள். தேசப்பற்று கிழக்குத் திசையில் மட்டும் வேலை செய்யும் என்று புத்தகத்தில் போட்டிருக்கலாம்.

மத்தளவில் கோட்டாபயவின் அண்ணன் மஹிந்த காலத்தில் கட்டிய சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. சீனக் கடன். பளபளக்கும் தரை, வரிசையாகச் சோதனை முகப்பு, குளிரூட்டி. இல்லாதது விமானம். நெல் மூட்டை அடுக்கவும் ஒருகாலத்தில் பயன்பட்டது. அதுவாவது உபயோகம்.

2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். அச்சடிக்கக் காகிதம் இல்லை. சொன்னேன் அல்லவா, காகிதத்தை நினைவில் வையுங்கள் என்று. விஞ்ஞாபனம் வழவழப்பான தாளில் நாலு வர்ணத்தில் வந்தது. பிள்ளைகளின் வினாத்தாளுக்குக் கறுப்பு வெள்ளையில்கூடக் கதியில்லை. எரிபொருள் வரிசையில் ஆட்கள் நின்ற இடத்தில் விழுந்து செத்தார்கள். ஏப்ரல் 12, 51 பில்லியன் டொலர் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. ஜூலை 9 சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போனது. அங்கே புத்தம்புதுத் தாளாக 1 கோடி 78 இலட்சம் ரூபாய் கிடந்தது. உள்ளே போனவர்கள் எண்ணினார்கள். எண்ணிப் பொலிஸிடம் கொடுத்தார்கள். மூன்று வேளை சாப்பிட வழியில்லாத ஆட்கள். பலமான தலைவர் மாலைதீவு வழியாகச் சிங்கப்பூர் போய், ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பினார்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொருளாதாரத்தை நாசமாக்கியதில் கோட்டாபய, மஹிந்த, அவர்களுடைய தம்பி பசில் உள்ளிட்டவர்களுக்குப் பொறுப்பு உண்டு. மக்களின் நம்பிக்கையை மீறியிருக்கிறார்கள். தண்டனை? மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஒன்றரை இலட்சம் ரூபாய். ரூபாய்தான். அச்சுப்பிழை இல்லை.

வடக்கு கிழக்குக்கு வரும்போது இவர்களுடைய கொள்கை வேறு உடுப்பு போடும். சரியாகச் சொன்னால் உடுப்பைக் கழற்றும். நல்லூர் வீதியில் மேற்சட்டை இல்லாமல், வேட்டியும் திருநீறுமாகப் படம். யாழ்ப்பாணத்தில், மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் 13ஆம் திருத்தம் முழுமையாக. மாத்தறையில் ஒற்றையாட்சிக்கு ஒரு தூசும் படவிடோம். டெல்லியில் கேட்டால் 13 பிளஸ். 2012இல் மஹிந்த அப்படிச் சொன்னதாக இந்திய வெளிவிவகார அமைச்சர் வந்து அறிவித்துவிட்டுப் போனார். அந்தப் பிளஸ் என்னவென்று இன்றுவரை ஒருவரும் காணவில்லை. 2023இல் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 13ஐ அமுல்படுத்தப் போகிறேன் என்றதும் பிக்குகள் பாராளுமன்றத்துக்குப் போகும் வீதியில் வைத்து அதன் பிரதியைக் கொளுத்தினார்கள். மாகாண சபைத் தேர்தல் 2014க்குப் பிறகு நடக்கவே இல்லை. தமிழ் வாக்காளனுக்கு 2010இல் கிடைத்த தெரிவு, போரை நடத்தச் சொன்னவரா, நடத்திய இராணுவத் தளபதியா என்பது. அவன் தளபதிக்குப் போட்டான். அந்த வாக்குச்சீட்டைப் பிடித்த கை எப்படி நடுங்கியிருக்கும் என்று எந்த ஆய்வாளனும் எழுதவில்லை.

இனி அந்த மூன்றெழுத்து.

2024 செப்டெம்பரில் ஜே.வி.பி. தலைவர் அநுர குமார திசாநாயக்க வென்றார். முந்திய தேர்தலில் 3 சதவீதம் எடுத்தவர். அறுதிப் பெரும்பான்மை யாருக்கும் கிடைக்காமல், இலங்கையில் முதல் தடவையாக விருப்பு வாக்கையும் எண்ணித்தான் முடிவு வந்தது. சனம் அவ்வளவு வெறுத்துப் போயிருந்தது. 'வளமான நாடு, அழகான வாழ்க்கை'. உள்ளே பழைய நண்பர்: நிறைவேற்று அதிகாரம் ஒழிக்கப்படும். பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்படும். சர்வதேச நாணய நிதியத்தோடு மறுபடி பேசப்படும்.

பேசினார்கள். பிறகு ரணில் போட்டுவிட்டுப் போன பாதையிலேயே டிசம்பரில் கடன் மறுசீரமைப்பை முடித்தார்கள். இந்திய விஸ்தரிப்புவாதம் என்று ஒருகாலத்தில் வகுப்பு எடுத்த கட்சி, 2025 ஏப்ரலில் இந்தியாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை எழுதியது. எழுதட்டும், அயல்நாட்டோடு பகை நல்லதில்லை. அந்த வகுப்பைக் கேட்டு 1980களில் காட்டுக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் தாய்மாருக்கு மட்டும் யாராவது ஒரு தபாலட்டை போடலாம்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகமாக வந்தது. 1982இல் நிரந்தரமானது. 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டினான் என்று 22 வயது இளைஞன் ஒருவனை அதே சட்டத்தில் உள்ளே போட்டார்கள். ஸ்டிக்கர். சுவரொட்டி ஒட்டியே வளர்ந்த கட்சியின் ஆட்சியில்.

முந்தியவர்களுக்கெல்லாம் ஒரு சாட்டு இருந்தது. மூன்றில் இரண்டு இல்லை. கூட்டணி ஒத்துக்கொள்ளவில்லை. இவர்களுக்கு 225இல் 159 ஆசனம். வரைவு எழுத நேரமில்லை என்றும் சொல்ல முடியாது. 2018இல் ஜனாதிபதி முறையை ஒழிக்கத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தது இதே ஜே.வி.பி.தான். அந்தக் கோப்பு அலுமாரியில் எங்கேயோ இருக்கும். தூசு தட்டினால் போதும்.

ஒன்றுமே ஒழிக்கவில்லை என்று சொன்னால் பாவம். 2025 செப்டெம்பர் 10ஆம் தேதி ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். ஆதரவு 151, எதிர்ப்பு 1. முன்னாள் ஜனாதிபதிகளுக்கு இனி அரச வீடு இல்லை, வாகனம் இல்லை. மறுநாளே மஹிந்த விஜேராமை அரச வீட்டைக் காலி செய்து தங்காலைக்குப் போனார். நாமும் கைதட்டினோம், வேறென்ன. நாற்காலியிலிருந்து இறங்கிய ஒருவரை வீட்டிலிருந்து கிளப்ப இரண்டு நாள்கூடப் பிடிக்கவில்லை. 1995 ஜூலை 15க்குள் நடக்க வேண்டிய மற்ற வேலைக்கு இன்னும் குழு போட ஆள் தேடுகிறார்கள்.