காதுக்குப் பத்தியம்

காதில் ஓயாமல் இரைச்சல் கேட்டாலும், பாத்திரம் விழும் ஓசைக்கே உடல் பதறினாலும், முதலில் தண்டனை பெறுவது நாக்குதான். காபி, உப்பு, சர்க்கரை எல்லாம் ஒரே நாளில் நாடு கடத்தப்படுகின்றன. சாட்சியங்களோ காபியின் பக்கம். 2010இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், காபீனை நிறுத்தியவர்களுக்கு இரைச்சல் குறையவில்லை; நிறுத்தியதால் வந்த தொல்லைகள்தான் மிச்சம். 2014இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்விலோ, காபீன் அதிகம் உட்கொண்ட பெண்களிடம் காது இரைச்சல் குறைவாகவே தோன்றியது. அதற்காகக் காபியை மருந்துச் சீட்டில் எழுதிவிட முடியாது. உடன் நிகழ்வதெல்லாம் காரணமாகிவிடாது. அதே ஆண்டு அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம், இரைச்சலுக்கு ஜிங்கோ, மெலடோனின், துத்தநாகம் போன்ற துணை மாத்திரைகள் எதையும் பரிந்துரைக்க வேண்டாம் என்றது.

"நிறுத்தினேன், குறைந்ததே!" என்பார்கள். இந்த இரைச்சல் தானாகவே ஏறி இறங்கும். இறங்கும் நாளில் நடப்பிலிருக்கும் பத்தியத்துக்குப் பாராட்டு விழா நடக்கிறது. மெனியர் நோய்க்கு உப்பைக் குறைக்கச் சொல்கிறார்களே என்றால், உண்மைதான். அது உட்காதுத் திரவக் கோளாறு, அங்கும் ஆதாரம் மெலிவுதான். இரைச்சல் தரும் அவதியைத் தணிப்பதில் ஆய்வுகளில் தேறியது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. ஆகவே, பத்தியத்தை விட்டுவிட்டு, முதலில் செவித்திறன் சோதனைக்குப் போங்கள். காபியைக் குடித்துவிட்டே போகலாம்.