கீழே இறங்காத இரண்டு

சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புராஜெக்டில் உண்மையான வினை நடப்பது சோதனைக் குழாயில் அல்ல, கீபோர்டில். தண்ணீருக்கு எச், ஓ இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி 2 வேண்டும். அது வரிக்குக் கீழே இறங்கி உட்கார வேண்டும். வேதியியலாளர் பெர்சீலியஸ் அதை மேலேதான் வைத்திருந்தார். 1834இல் இன்னொரு வேதியியலாளர் லீபிக் கீழே இறக்கினார். இறக்கியவர் போய்ச் சேர்ந்தார். டைப் அடிப்பவன் பாடு?

வேர்டில் கன்ட்ரோலோடு சமக்குறியை அழுத்தினால் 2 இறங்கும். மறுபடி அழுத்த மறந்தாலோ, ஆக்சிஜனில் தொடங்கி வழிகாட்டிய ஆசிரியரின் பெயர்வரை எல்லாமே கீழே இறங்கிவிடும்.

அம்புக்குறி தனிக்கூத்து. இரண்டு கோடும் ஒரு 'பெரியது' குறியும் தட்டினால் வேர்டே அழகான அம்பு செய்து தரும். உண்மையில் அது விங்டிங்ஸ் எழுத்துருவில் வேஷம் கட்டிய ஒரு பிரெஞ்சு எழுத்து. வெறும் எழுத்தாக வேறிடத்தில் ஒட்டினால் வேஷம் கலையும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தலையில் கோடு போட்ட 'ஏ'யைத் தாண்டித்தான் நீராக வேண்டும். மீள்வினைக்காக வேதியியலாளர் வான்ட் ஹாஃப் 1884இல் கொடுத்த இரட்டை அம்பைத் தேடிப் பிடிக்க யாருக்குப் பொறுமை? ஒற்றை அம்போடு போன வினை போனதுதான், திரும்புவதில்லை.

சி, ஓ என்று தட்டும்போது இரண்டாம் எழுத்து சின்னதானால் கோபால்ட், பெரிதானால் கார்பன் மோனாக்சைடு. உலோகம் விஷவாயு ஆவதற்கு ஷிப்ட் விசை ஒன்று போதும்.

சமன்பாடு இருபுறமும் சமனா? அதை யார் பார்த்தார்கள்! ஸ்பைரல் பைண்டிங்குக்கு நீல அட்டையா, பச்சை அட்டையா என்பதில்தான் வகுப்பே இரண்டு கட்சி.