கேளுங்கோ, சொல்லுறம்: நெல்லியடியில் ஒரு வளவு

கேள்வி: ஓய்வெடுத்தபின் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் வீடு வாங்கலாமா, நெல்லியடியில் வாங்கலாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். நீங்கள் யார் பக்கம்?
(ஹரோ வாசகர்)

பதில்: நெல்லியடிப் பக்கம்தான். ஆனால் இருக்க வருகிறவராக வாருங்கள். பட்டினத்தின் வசதியும் கிராமத்தின் காற்றும் ஒன்றாகக் கிடைக்கிற இடங்கள் குறைவு. இங்கே அவை ஒரே ஒழுங்கையின் இரண்டு நுனிகள். ஒரு நுனியில் சந்தி: மரக்கறிச் சந்தை, வங்கி, யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் கொடிகாமத்துக்கும் பஸ். மறு நுனியில் கரவெட்டி, கரணவாய்ப் பக்கத்துத் தோட்டங்கள். இரவில் நெஞ்சு நோவென்றால் மந்திகை ஆதார வைத்தியசாலை கிட்ட இருக்கிறது. வயது போனவர்களுக்குக் கடற்கரைக் காட்சியைவிட அது பெரிய வசதி.

கேள்வி: என்னிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும்தான். மச்சான் தன் பேரில் வாங்கித் தருகிறேன் என்கிறார்.
(ஈஸ்ட்ஹாம் வாசகர்)

பதில்: மச்சானுக்கு நன்றி சொல்லிவிட்டு இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன் இங்கே காணியை விலைக்கு வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. மச்சான் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய காசு உங்கள் இருவருக்கும்தான் தெரியும். உறுதியில் உள்ள பெயரோ அவருடைய பிள்ளைகள், மருமக்கள், கடன்காரர் எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: தரகர் "கிளியர் உறுதி அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" எண்டுறார். வாங்கட்டோ?
(ஸ்காபரோ வாசகர்)

பதில்: கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு வாங்குங்கோ. இங்கிலாந்தில் காணிப் பதிவேட்டில் ஒருவரின் பெயர் இருந்தால் அவர்தான் உரிமையாளர் என்பதற்கு அரசே பொறுப்பு நிற்கிறது. நெல்லியடி இருக்கிற வடமராட்சியில் பெரும்பாலும் நடப்பது உறுதியைப் பதிவது மட்டுமே. கள்ள உறுதியும் பதிவாகும். பதிந்ததால் அது நல்ல உறுதி ஆகிவிடாது. எனவே காணிப் பதிவகத்தில் தோம்பு எடுத்து, இப்போதைய உறுதிக்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று பின்னோக்கிப் போங்கள். போரில் உறுதி எரிந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால் நம்பலாம், பலருக்கு அப்படித்தான் நடந்தது. ஆனால் நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். அதன் அத்தாட்சிப் பிரதியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அற்றோணித் தத்துவத்தோடு ஒருவர் விற்க வந்தால், அதைக் கொடுத்தவரோடு நேரே கதையுங்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் அறியுங்கள்.

அடுத்தது தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் இன்றும் உங்கள் வளவுக்குள் நிற்கிறது. பங்காளிகள் உள்ள காணியானால், மற்றவருக்கு முன் தாங்கள் வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. விற்பவரின் வாரிசுகளாக வரக்கூடியவர்களுக்கும் உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. விற்பவர் முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் நீங்கள் வாங்கினால், நோர்வேயிலிருந்து ஒரு சித்தப்பா வழக்கோடு வந்து இறங்கலாம்.

விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணானால் இன்னொன்று: அவருடைய சொந்தச் சீதனக் காணியாக இருந்தாலும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் பிரிந்துபோயிருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் இது. கணவன் காணாமற்போன பெண்கள் இத்தனை பேர் வாழும் மண்ணில், தன் காணியை விற்கத் தன் கையெழுத்துப் போதாது என்று ஒரு பெண்ணிடம் சொல்வது அநியாயம். இதை மாற்றத்தான் வேண்டும். மாறும்வரை நீங்கள் சட்டப்படி நடந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, உறுதியில் "கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்" என்று வருகிற வரியை இரண்டு தரம் வாசியுங்கள். கிணற்றில் யாருக்கெல்லாம் பங்கு, வழி யாருடைய வளவுக்குள்ளால் போகிறது என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ் என்ற கணக்குத் தெரிந்தாலும், சேவயரைக் கூப்பிட்டு உங்கள் முன்னால் அளப்பியுங்கள். கதியால் ஒவ்வொரு மாரியிலும் கொஞ்சம் நடந்திருக்கும்.

கேள்வி: அயலில் எப்படிப்பட்ட ஆக்கள் என்று விசாரித்துவிட்டு வாங்குவதுதானே நல்லது?
(பெயர் வேண்டாம் என்கிற வாசகர்)

பதில்: நாய் குரைக்குமா, ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமா என்று விசாரியுங்கள். சாதியைத்தான் விசாரிக்கிறீர்கள் என்றால், அந்தக் கேள்வியோடு இந்த ஊருக்கு வர வேண்டாம். படிக்க இடமில்லை என்று விரட்டப்பட்ட பிள்ளைகளுக்காக எழுந்த தேவரையாளிப் பள்ளிக்கூடம், நெல்லியடிச் சந்திக்குப் பக்கத்தில், வதிரியில்தான் இருக்கிறது. இன்ன ஆக்களுக்குக் காணி விற்கமாட்டோம் என்கிறவரிடம் காணி வாங்கவும் வேண்டாம்.

கேள்வி: கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா?
(கொழும்பு வாசகி)

பதில்: சோதித்தபின் குடிக்கலாம். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. மோட்டரை மணிக்கணக்காக ஓடவிட்டால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். கல்லில் வெடிப்புகள் நிறைய; தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் விரைவாகக் கிணற்றுக்கு வந்துவிடும். எனவே உப்போடு நைத்திரேற்றையும் பாருங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் ஆகாது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்திருக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் வந்தாலும் கிணற்றைக் குப்பைக் குழி ஆக்கிவிடாதீர்கள்.

கேள்வி: வீடு கட்டினால் முதலில் எட்டடி மதில்தானே?
(துன்னாலை வாசகர்)

பதில்: முதலில் பூவரசங் கதியால். ஆட்டுக்குக் குழை, பாதைக்கு நிழல், அயலட்டையோடு கதைக்க ஒரு பொட்டு. மதில் இந்த மூன்றையும் தராது.

கேள்வி: இரண்டு மாடி கட்டி முடித்துவிட்டோம். வருடத்தில் மூன்று கிழமைதான் வருவோம். மற்ற நாட்களில் பூட்டித்தானே வைக்க வேண்டும்?
(பாரிஸ் வாசகி)

பதில்: ஏன் பூட்ட வேண்டும், அக்கா? மந்திகையில் வேலை செய்கிற தாதிமாருக்கும் வெளி மாவட்டத்திலிருந்து வரும் ஆசிரியர்களுக்கும் வாடகை வீடு தேவை. எழுத்தில் ஒப்பந்தம் செய்து கீழ்மாடியைக் கொடுங்கள், மேல்மாடியை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய வீட்டில் கறையான் இருக்கும், நுளம்பு இருக்கும், சோலைவரி நிலுவை இருக்கும். ஒரு ஒழுங்கையில் நாலு வீடு இப்படிப் பூட்டிக் கிடந்தால் ஐந்தாவது வீட்டில் தனியே இருக்கிற கிழவி இரவில் யாரைக் கூப்பிடுவா? வெளிநாட்டுக் காசு காணி விலையை ஏற்றிவிட்டது. இங்கே பிறந்து இங்கேயே உழைக்கிற சோடிக்கு ஒரு பரப்பு வாங்குவதே மலையாகிவிட்டது. அவர்களுக்கு ஒரு கதவையாவது திறந்து விடுங்கள்.

கேள்வி: வாங்குமுன் வாடகைக்கு இருந்து பார்ப்பது வீண்செலவு என்கிறார் என் மகன்.
(மெல்பேர்ன் வாசகர்)

பதில்: மகனையும் கூட்டி வாருங்கள். மார்கழியில் அந்த வளவுக்குள் வெள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது, ஆவணியில் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் என்று இருவரும் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகு விலை பேசலாம்.